நாளுக்குப் பத்து நிமிடத் தாகம்

கடைசியாக நானும் அம்மாவும் சேர்ந்து செய்த வேலை, நாற்பது வாழைக் கன்றுகளைச் சின்னக் கோப்பைகளிலிருந்து பெரிய தொட்டிகளுக்கு மாற்றியது. வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி. வீட்டின் பின்சுவரை விட்டு வெயில் இறங்கியிருந்தது. அதற்காகத்தான் அம்மா பொறுத்திருந்தாள். கோப்பைகளுக்கு மதியமே தண்ணீர் விட்டிருந்தாள். மண் காய்ந்திருந்தாலும் வேரை விட்டு உதிரும், சொதசொதவென்று இருந்தாலும் உதிரும். இரண்டு மணி நேரம் வடிந்த ஈரம்தான் பதம்.

அவள் மாற்றும் விதம் இது. பெரிய தொட்டியில் கால்வாசி மண்கலவை போடுவாள். நடுவில் ஒரு காலிக் கோப்பையை வைப்பாள், செடி இருக்கும் கோப்பையின் அதே அளவு. சுற்றிலும் கலவையை நிரப்பி, தொட்டியைத் தரையில் இரண்டு முறை தட்டுவாள். பிறகு காலிக் கோப்பையைத் திருகி எடுத்தால் அதன் அச்சு குழியாக நிற்கும். அதற்கப்புறம்தான் செடியைத் தொடுவாள். தண்டு இரண்டு விரலுக்கு நடுவில் வரும்படி கையை விரித்து, கோப்பையைக் கவிழ்த்து, அடியில் ஒரு தட்டு. வேரும் மண்ணும் குலையாமல் உள்ளங்கையில் வந்து உட்காரும். அதைக் குழிக்குள் இறக்கினால் சுற்றிலும் ஒரு நூல் இடம்கூட மிஞ்சாது.

நான் அச்சு எடுத்துக் கொடுத்தேன். அவள் செடி இறக்கினாள்.

"அழுத்தாதடீ. தண்ணி ஊத்துனா மண்ணு தானா அணைச்சுக்கும்."

"தெரியும்மா."

"தெரிஞ்சவ விரல் போற எடத்தைப் பாரு."

விரலை எடுத்தேன். இருபது தொட்டி முடிந்திருக்கும். அம்மா ஒரு செடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"உன் பொட்டி ஒரு விஷயத்தைக் கத்துக்கிட்டா, அப்புறம் மறந்துடுமா?"

"மிஷின் எங்கம்மா மறக்கும்? மனுஷங்கதான் மறப்போம்."

"அப்போ அதுக்கு எம்மேல ஏதோ கோவம்" என்றாள்.

நான் சிரித்தேன். அவளும் கொஞ்சம் சிரித்தாள். மிச்சம் இருபதையும் முடித்துக் கை கழுவினோம். ஒன்பது நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில், துணி மடித்துக்கொண்டிருந்தவள் சுவரில் சாய்ந்தாள். இதயம் என்றார்கள். தலையணை உறை ஒன்று பாதி மடிப்பில் இருந்தது.

அம்மா இருபத்திரண்டு வருடம் பனிக்கூடத்தில் வேலை பார்த்தாள். அங்கிருந்து அவளை வெளியே அனுப்பியது நான் செய்த ஒரு கருவி, அம்மா சொன்ன அந்தப் பொட்டி. கடைசி வாரத்தில் அவளைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். திரும்பப் போக அவளுக்கு மனம் இருந்ததா என்பது மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. இதையும் அதற்காகத்தான் எழுத ஆரம்பித்தேன்.

பனிக்கூடம் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அந்தக் கம்பெனியில் வாழையைப் பாட்டிலில் வளர்ப்பார்கள். செடியின் குருத்திலிருந்து ஒரு துணுக்கு எடுத்து, கண்ணாடி பாட்டிலுக்குள் ஜெல்லியில் வைத்து, குழல்விளக்கு வெளிச்சத்தில் அடுக்கிவிடுவார்கள். ஒன்று பத்தாகும், பத்து நூறாகும். அந்தச் செடிகள் காற்றைப் பார்த்ததில்லை. தூசியைப் பார்த்ததில்லை. தாகம் எடுத்ததே இல்லை. இலையில் இருக்கும் நுண்துளைகளுக்கு மூடிக்கொள்ளத் தெரியாது, மூட வேண்டிய அவசியம் வந்ததில்லை. அப்படியே வெளியே எடுத்து வைத்தால், ஒரு மணி நேரத்தில் நனைந்த காகிதம்போலத் தொங்கிவிடும்.

பாட்டிலுக்கும் உலகத்துக்கும் நடுவில் அம்மா நின்றாள். ஜெல்லியை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசிவிட்டு, செடிகளைக் குழித்தட்டில் நட்டு, கூடத்துக்குள் வைப்பாள். மூன்று வாரம் அங்கே இருக்கும். மேலே நிழல்வலை, சுற்றிலும் பால் நிறத்தில் பிளாஸ்டிக் தாள், குழாய்களிலிருந்து புகைபோல நீர். முதல் ஐந்து நாள் பனி விடாமல் கொட்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பாள். மூன்றாம் வார முடிவில் செடிகள் குழியிலிருந்து பெரிய பைக்கு மாறி, வெளியே வரும்.

சிறுமியாக இருக்கும்போது பள்ளி விட்டதும் அங்கேதான் போவேன். உள்ளே வெளிச்சத்துக்குத் திசை கிடையாது. எதற்கும் நிழல் விழாது. எந்நேரமும் விடிகாலைபோலவே இருக்கும். தேங்காய் நார்த்தூள் மூட்டைமேல் படுத்தால், எங்கேயோ ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு என்று விழுந்துகொண்டே இருக்கும். கண்ணை மூடினாலும் வெள்ளை, திறந்தாலும் வெள்ளை. தூங்கினேனா இல்லையா என்று எனக்கே தெரியாது. அம்மா வரும்போது முதலில் இருமல் வரும். பிறகு ஒரு கை. கடைசியாகத்தான் முகம். அவள் தலைமுடியில் சின்னச் சின்னத் துளிகள் நிற்கும்.

கம்பெனியில் எல்லாருக்கும் அவள் பனியம்மா. மேலாளர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

கோணலாக வளர்ந்தவை, குட்டையானவை, வெள்ளை விழுந்தவை எல்லாம் குப்பைக்குப் போக வேண்டியவை. அவற்றைத் தூக்குப் பையில் வீட்டுக்குக் கொண்டுவருவாள். எங்கள் வீட்டில் ஈரம் நிற்கும் இடம் ஒன்றுதான், குளியலறை. ஜன்னல் திட்டில், வாளிக்கு மேலே, கண்ணாடிக்குக் கீழே எல்லாம் குட்டி வாழை. வெந்நீரில் குளிப்பவர் முதலில் போக வேண்டும், கதவைத் திறக்காமல் ஆவியை அடுத்தவருக்கு விட்டுவிட்டு வர வேண்டும். முதல் வாரம் இரண்டு குளியல், அடுத்த வாரம் ஒன்று, பிறகு கதவைச் சாத்தவே கூடாது. அப்பா அச்சகத்தில் தாள் வெட்டுபவர். மை வாடையோடு வந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார்.

"இன்னிக்கு நான் குளிக்கலாமா, இல்ல உன் புள்ளைங்களுக்குச் சளி பிடிச்சுக்குமா?"

"குளிங்க. ஆனா சட்டுனு வெளிய வந்து கதவைப் படார்னு திறக்காதீங்க. அதுங்களுக்கு மூச்சு முட்டும்."

"எனக்கு முட்டுறது பரவாயில்ல."

"நீங்க வெளிய வளந்த ஆளு. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

நான் கருவியியல் படித்தேன். அளப்பதும், அளந்ததை வைத்து ஒரு வால்வைத் திறந்து மூடுவதும் என் தொழில். போன வருடம் அம்மாவின் இருமல் அதிகமானது. விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்தே இருக்கும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை வால்வைத் திருகுகிறாள் என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். மேலாளரைப் பார்த்து, ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி செய்து தருகிறேன் என்று சொன்னேன். ஈரப்பதம் அளக்கும் ஒரு உணரி, ஒரு சின்ன மின்சுற்றுப் பலகை, ஒரு மின்வால்வு. காற்றில் ஈரம் தொண்ணூறு சதவீதத்துக்குக் கீழே போனால் பனி திறக்கும். ஏறினால் மூடும். தொண்ணூறு மேலாளர் சொன்ன எண். அம்மாவையும் கேட்டேன். "எப்போ திறக்கணும், எப்போ மூடணும்னு எப்படிம்மா முடிவு பண்றே?"

"இலையைப் பாத்தா தெரியும்."

"எண்ணா சொல்லு."

"எண்ணா எனக்குத் தெரியாது. பசிக்குதான்னு புள்ளை மூஞ்சியைப் பாத்துச் சொல்றதில்லையா."

அதை நிரலில் எழுத முடியாது. தொண்ணூறையே எழுதினேன்.

மேலாளர் ஒரு சோதனை வைத்தார். இரண்டு கூடம், ஒவ்வொன்றிலும் ஆயிரம் செடி. இடதுபக்கம் அம்மாவின் கை. வலதுபக்கம் என் பெட்டி. மூன்று வாரம் கழித்துப் பைக்கு மாற்றி, அதற்கு இரண்டு வாரம் கழித்து உயிரோடு இருப்பதை எண்ணுவது. பெட்டி அம்மாவுக்குச் சமமாக வந்தால் கூடங்கள் பெட்டிக்கு. அம்மாவுக்கு வேறு வேலை. அவள் எதிரிலேயே மேலாளர் இதைச் சொன்னார். எனக்கு அது நல்ல செய்தியாகத்தான் பட்டது. பனியில் நிற்க வேண்டாம், இருமல் குறையும். அம்மா என்னைப் பார்த்தாள்.

எண்ணினார்கள். அம்மாவின் பக்கம் தொண்ணூற்றாறு சதவீதம். என் பக்கம் தொண்ணூற்றேழு.

"நல்லாப் புடிச்சுக்கிச்சு உன் பொட்டி" என்றாள் அன்றைக்குச் சாயங்காலம். முகத்தில் உண்மையான சந்தோஷம். என்னைவிட அவளுக்குத்தான் பெருமை என்று நினைத்தேன். திங்கட்கிழமை அவளைப் பாட்டில் கழுவும் அறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை, கொதிக்கும் தண்ணீர், சுழலும் தூரிகைகளின் இரைச்சல். ஏழு மாதம் அங்கே இருந்தாள். இருமல் குறையத்தான் செய்தது. மதியச் சாப்பாட்டை மட்டும் பனிக்கூடத்துக்கு வெளியே, அந்தப் பிளாஸ்டிக் சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்து சாப்பிடுவாளாம். சுவர் அங்கே குளிர்ச்சியாக இருக்கும்.

அடுத்த தொகுதியிலிருந்து செடிகள் விழ ஆரம்பித்தன. கூடத்துக்குள் இருக்கும்வரை பச்சைப் பசேலென்று இருக்கும். பைக்கு மாற்றி வெளியே வைத்த மூன்றாம் நாள் பாதி சாய்ந்துவிடும். மேலாளர் மண்ணைச் சந்தேகப்பட்டார். புதிய பெண்களின் கையைச் சந்தேகப்பட்டார். நான் தொண்ணூறைத் தொண்ணூற்றிரண்டாக்கினேன். இன்னும் மோசமானது. தொண்ணூற்றைந்தாக்கினேன். வீட்டில் சாப்பிடும்போது இதெல்லாம் சொல்வேன். அம்மா கேட்டுக்கொண்டே இருப்பாள். ஒருமுறை, "அதுங்களுக்குத் தாகம்னா என்னன்னு தெரியல போல" என்றாள். செடிமேல் பாசத்தில் பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன். விழுந்த தொகுதிகளில் ஒன்றிலிருந்துதான் அந்த நாற்பது கன்றுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள்.

அவள் போன இரண்டாவது வாரம் கம்பெனிக்குப் போனேன். வேறு எங்கே போவதென்று தெரியவில்லை. மேலாளர் எழுந்து நின்றார்.

"அந்த ஞாயித்துக்கிழமைக்கு முந்தின புதன்கிழமைதான் பனியம்மாகிட்ட பேசினேன். திங்கக்கிழமையிலேர்ந்து மறுபடியும் கூடத்துக்கே வந்துடுங்கன்னு கேட்டேன். கெஞ்சினேன்னே வெச்சுக்கோங்க."

"என்ன சொன்னாங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்னாங்க."

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அதன் அர்த்தம் தெரியும். கல்யாணத்துக்குக் கூப்பிடும் தூரத்துச் சொந்தத்திடம் யோசிச்சுச் சொல்றேன் என்பாள். காப்பீட்டு முகவரிடம், சீட்டுப் பிடிப்பவரிடம், அப்பா டிவி மாற்றலாமா என்று கேட்கும்போது, எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். ஒருமுறைகூட அவள் யோசித்ததுமில்லை, சொன்னதுமில்லை. அப்படியென்றால் போக மனமில்லை. கோபம் பொட்டிக்கு இல்லை, அவளுக்கு. அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

கூடத்துக்குள் போனேன். வெள்ளை. சொட்டுச் சத்தம். இருமல் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். பிறகு பெட்டியைத் திறந்து, பழைய பதிவுகளை மடிக்கணினியில் இறக்கினேன். நிமிடத்துக்கு ஓர் அளவு, ஒன்பது மாதத்துக்கு. சோதனை நடந்த மூன்று வாரத்தை, வந்தது வந்தபடி, முதல்முறையாகப் பார்த்தேன்.

அப்போது நான் பார்த்தது திருத்திய வரைபடம். தொண்ணூற்றெட்டைத் தாண்டும் அளவெல்லாம் உணரியின் பிழை என்று, தானாக நீக்கும்படி நானே எழுதியிருந்தேன். இப்போது நீக்காமல் பார்த்தேன். ஆறாம் நாள், காலை பத்தேகால் மணிக்கு, ஈரம் சட்டென்று நூறுக்கு ஏறுகிறது. பத்து நிமிடம் அப்படியே நிற்கிறது. பிறகு இறங்குகிறது. ஏழாம் நாள், அதே பத்தேகால், இருபது நிமிடம். எட்டாம் நாள் முப்பது. ஒரு நாள்கூடத் தவறவில்லை. இருபத்தோராம் நாள் நூற்றறுபது நிமிடம். இப்படி ஒரு படிக்கட்டை எந்த உணரியும் தப்பாகக் காட்டாது. இதை யாரோ கட்டியிருக்கிறார்கள்.

பாட்டில் அறையில் அம்மாவோடு வேலை பார்த்த அம்மாளை எல்லாரும் சித்தி என்றுதான் கூப்பிடுவார்கள். வெளியே கை உலர்த்திக்கொண்டு நின்றவரைக் கேட்டேன். சோதனை நடந்தபோது அம்மா வலதுபக்கக் கூடத்துக்குப் போவாளா?

"போவாளே. வால்வைத் தொடமாட்டா, தொடக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்கல்ல. துண்டை நனைச்சுக் கொண்டுபோயி தூண்ல மாட்டிட்டு வருவா."

"தூண்லயா?"

"அதான், உன் மிஷின் மூக்கு இருக்குமே, அதுமேல. நான்கூடக் கேட்டேன். ஏன்க்கா, பனி கொட்டுற எடத்துல துண்டு காயப் போடுறியே, மூளை கீளை நனைஞ்சு போச்சான்னு."

"என்ன சொன்னாங்க?"

"எம்பொண்ணு பொட்டிக்குப் பாடம் நடத்துறேன்னா. புதுசா வர்ற பொண்ணுங்களுக்குச் சொல்லித் தரமாட்டமா, அப்படி. மொதல்ல பத்து நிமிஷம் தாகம், அப்புறம் இருபதுன்னு. ஈரத் துண்டு போட்டா அது பனியை நிறுத்திக்குதாம். 'பாத்துப் பாத்துக் கத்துக்கும்னு அவதான் சொன்னா, நாம காட்டாம அது எப்படிக் கத்துக்கும்'னா. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அவ சிரிக்கல கண்ணு."

சொன்னது நான்தான். சமையலறை மேசையில் பலகையில் கம்பிகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். "இதுக்கு எப்படித் தெரியும்?" என்று அம்மா கேட்டாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பாத்துப் பாத்துக் கத்துக்கும்மா" என்றேன். விளக்கிச் சொல்லச் சோம்பல். அந்தப் பெட்டி எதையும் கற்காது. தொண்ணூறுக்குக் கீழா மேலா, அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். உணரிமேல் ஈரத் துண்டு கிடந்தால், காற்று நனைந்திருக்கிறது என்று நம்பிப் பனியை நிறுத்தும். அந்த நேரத்தில் கூடம் நிஜமாகவே உலரும். செடிக்குத் தாகம் எடுக்கும். துளைகள் மூடப் பழகும். துண்டு நின்றதும் அதுவும் நின்றுவிட்டது.

அவள் ஜெயிக்க வேண்டிய சோதனையில் என் பெட்டிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத் தோற்றிருக்கிறாள். தன் இடம் போகும் என்று தெரிந்தே செய்திருக்கிறாள். வலதுபக்கக் கூடத்தில் இருந்தவையும் செடிகள்தான், பெட்டியும் வீட்டுப் பிள்ளைதான். ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போதும் என்று நம்பி பாட்டில் அறைக்குப் போய்விட்டாள். பிறகு செடிகள் விழுந்தபோது பொட்டி மறந்துவிட்டதோ, கோபித்துக்கொண்டதோ என்று குழம்பி, ஏழு மாதம் கழித்து, கையில் ஒரு செடியோடு நின்று என்னைக் கேட்டாள். நான் சிரித்தேன்.

அங்கேயே உட்கார்ந்து அந்தப் படிக்கட்டை நிரலில் எழுதினேன். ஆறாம் நாள் பத்து நிமிடம், அதன்பின் நாளுக்குப் பத்து. பதினான்கு வரி. அது சரியாக வரும் என்று எனக்குத் தெரியும். அம்மா ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டாள்.

வெளியே வந்து, அவள் சாப்பிட உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். சுவர் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. யோசிச்சுச் சொல்றேன் என்றது மட்டும் மாறாமல் அப்படியே இருந்தது.

அம்மாவின் கைபேசியை இன்னும் அணைக்கவில்லை. தினமும் மின்னேற்றி வைக்கிறேன். மூன்றாவது வாரம், மதியம், அது அடித்தது. பெயரில்லாத எண்.

"அக்கா, என்னக்கா ஆளையே காணோம்?"

"அவங்க பொண்ணு பேசறேன். நீங்க யாரு?"

"பஸ் ஸ்டாண்டுகிட்ட செருப்புத் தைக்கிறவன்மா. அக்காவோட ரப்பர் பூட்ஸ் ஒட்டி ரெடியா இருக்கு. வந்து எடுத்துக்கச் சொல்லுங்க. கடையில எலி வேற, ராத்திரியானா ருசி பாக்குது."

"எப்போ குடுத்தாங்க?"

"அது ஆச்சு மூணு வாரம். ஒரு வியாழக்கிழமை. ஏழு மாசமாப் பரண்ல கெடந்துச்சாம், காஞ்சு கணுக்கால்கிட்ட வெடிச்சுப் போயிருந்துச்சு. அக்கா, இது வேலைக்காகாது, புதுசு வாங்கிக்கோன்னேன். கேக்கல. சனிக்கிழமை சாயங்காலம் வேணும், திங்கக்கிழமை காலைல பனியில நிக்கணும்னாங்க. இந்த ஊர்ல எங்கக்கா பனி, வெயில் மண்டையைப் பொளக்குதுன்னேன். சிரிச்சாங்க."

வியாழக்கிழமை. மேலாளர் கூப்பிட்டதற்கு மறுநாள்.

"சனிக்கிழமை இருட்டுற வரைக்கும் தொறந்து வெச்சிருந்தேம்மா. வரேன்னுட்டு வரலையே."

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நான் வேலையிலிருந்து சீக்கிரமே வீட்டுக்கு வந்திருந்தேன். அம்மா தூக்குப் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டாள். எங்கம்மா என்று கேட்டேன். ஒண்ணுமில்ல, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்றாள். நானே இன்னிக்குத்தான் சீக்கிரம் வந்திருக்கேன், நீ கெளம்புறியே, நாளைக்குப் போய்க்கலாம், உக்காரு என்றேன். பையை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

"ஏம்மா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"வலது காலுதான் ரொம்ப மோசமா இருந்துச்சு. உள்பக்கமா ஒரு பட்டை வெச்சு ஒட்டியிருக்கேன், கொஞ்சம் இறுக்கமா இருக்கும். போட்டுப் பாத்துட்டு எங்கயாவது உறுத்துச்சுன்னா சொல்லச் சொல்லுங்க."

சொல்றேன் என்றேன்.